ஏழாவது பாட்டில் பதினோரு வினாடி

அண்ணன் மேடையைப் பார்த்து நிற்கவில்லை. மைதானத்தின் வலது ஓரத்தில் வரிசையாக வைத்திருந்த பிளாஸ்டிக் கழிப்பறைகளைப் பார்த்து நின்றார். மொத்தம் பதினான்கு. அதில் இரண்டுக்குக் கதவு சரியாகச் சாத்தவில்லை என்பதை வந்த அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துத் தங்கையிடம் சொல்லியும் விட்டார். லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, ஒரு கதவு ஒழுங்காக மூடவில்லையென்றால் அவருக்கு மனசு ஆறாது.

அவர் அப்படித் திரும்பி நின்றதற்குக் காரணம் உண்டு. மேடை அவருக்கு இடது கைப் பக்கம் வரவேண்டும். ஏனென்றால் அவரிடம் மிச்சமிருந்தது இடது காது ஒன்றுதான்.

வலது காது போய் ஆறு வருஷம் ஆகிறது. உள்ளே வளரக்கூடாத இடத்தில் தோல் வளர்ந்து எலும்பை அரிக்கிற வியாதி. இப்போது இடது காதிலும் அதே கதை. வியாழக்கிழமை ஆபரேஷன். எடுக்காமல் விட்டால் அது பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டிருக்கும். எடுத்தால் கேட்பது மிஞ்சலாம், மிஞ்சாமலும் போகலாம். எவ்வளவு நம்பலாம் என்று தங்கை கேட்டதற்கு டாக்டர், "பாதிக்குப் பாதின்னு வச்சுக்குங்களேன்" என்றார். காய்கறி பேரம் பேசுகிற குரலில் அதைச் சொன்னதற்காக அவரைத் தங்கை இன்னும் மன்னிக்கவில்லை.

அன்று சனிக்கிழமை. நடுவில் நாலு நாள்.

காது மந்தமானவர்கள் கத்திப் பேசுவார்கள் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. அண்ணன் நேர்மாறு. அவர் குரல் அவருக்கு மண்டைக்குள்ளேயே பெரிதாகக் கேட்டதால், வருஷத்துக்கு வருஷம் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். இப்போது அவர் பேசினால், பக்கத்தில் நிற்பவர் குனிந்து காதைக் கொடுக்கவேண்டும். மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த மாடியில் எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொன்ன மனுஷன். இப்போது கட்டடத்துக்குக் கட்டடம் போய், மோட்டார் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார்.

அண்ணி வரவில்லை. "நானும் அங்க வந்து காதைக் கெடுத்துக்கிட்டா, வீட்ல காலிங்பெல் அடிச்சா யாரு கேக்குறது? நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். நியாயமான பேச்சு.

மைதானத்துக்கு வந்திருந்த எட்டாயிரம் பேரில் முக்கால்வாசிப் பேர் ராத்திரி பாடப்போகிற சின்ன வயசுப் பேண்டுகளுக்காக வந்தவர்கள். அண்ணனுக்குப் பிடித்த பழைய பேண்டுக்கு மத்தியானம் மூணு பத்துக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். உச்சி வெயில் கொஞ்சம் இறங்கி, எல்லோருக்கும் தூக்கம் வருகிற நேரம். ஒரு காலத்தில் இவர்கள் பாட வந்தால் தடுப்புக் கம்பி வளையும். இப்போது கம்பியில் ஈரத் துண்டு காயப்போட்டிருந்தார்கள்.

அந்தக் கம்பி ஓரமாக, பழைய ரசிகர்கள் ஒரு அறுபது பேர் கூடியிருந்தார்கள். தலைவர் மாதிரி ஒருவர் தொப்பி போட்டுக்கொண்டு, கையில் நோட்டோடு நின்றார். இருபத்தொன்பது வருஷமாக, இந்தப் பேண்டு எந்தக் கச்சேரியில் எந்தப் பாட்டை எத்தனை மணிக்குப் பாடியது என்று எழுதி வைத்திருக்கிறாராம். எதற்கு என்று தங்கை கேட்டாள். தொப்பிக்காரர் நோட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டினார். "யாராவது கேட்டா சொல்லலாம்ல" என்றார்.

"யாராவது கேட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

தங்கைக்கு இவரிடம் ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. அதைச் சொல்ல முப்பத்தேழு வருஷம் பின்னால் போகவேண்டும்.

அப்போது அண்ணனுக்குப் பதிமூன்று வயது, தங்கைக்கு ஆறு. வீட்டில் ஒரே ஒரு டேப் ரெக்கார்டர், அண்ணனிடம் இந்தப் பேண்டின் ஒரே ஒரு கேசட். வேறு எங்கேயும் கிடைக்காத கேசட் அது. யாரோ கப்பலில் வேலை பார்த்தவர் கொடுத்தது. அதில் ஏழாவது பாட்டைத்தான் அண்ணன் நாளைக்கு இருபது தடவை கேட்பார். பேண்டு அந்தப் பாட்டுக்கு என்ன பேர் வைத்திருந்தாலும் சரி, ரசிகர்கள் இன்றைக்கும் அதை 'ஏழாவது' என்றுதான் சொல்கிறார்கள்.

ஒரு நாள் காலையில் அண்ணன் பாத்ரூமுக்குள் இருந்தார். தங்கை வெளியே நின்றாள். அவசரம். காத்திருக்கிற நேரத்துக்குப் பாட்டாவது கேட்கலாம் என்று டேப் ரெக்கார்டரைத் தூக்கி வந்து கதவுப் பக்கம் வைத்து, ஒரு பட்டனுக்குப் பதில் இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கிவிட்டாள். சேர்த்து அமுக்கினால் பாடாது. பாடியிருப்பதை அழித்துவிட்டு, எதிரே கேட்பதைப் பதிந்துகொள்ளும். ஆறு வயதுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? என்னடா சத்தமே வரவில்லை என்று பார்த்துவிட்டு, வந்த அவசரத்தில் கதவைத் தட்டினாள்.

ஏழாவது பாட்டின் நடுவில் இரண்டு வரி போய்விட்டது. பதினோரு வினாடி. அந்த இடத்தில் இப்போது கேட்பது இது: கதவு தட்டுகிற சத்தம். "அண்ணா, சீக்கிரம் வா, எனக்கு அவசரம்!" அப்புறம் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிற நேரம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும். அப்புறம் உள்ளேயிருந்து, "இருடி, வரேன்." பட்டன் அணைகிறது. பாட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி, விட்ட இடத்துக்கு இரண்டு வரி தள்ளித் தொடங்குகிறது.

அன்றைக்கு அண்ணன் அவளை நாலு சாத்து சாத்தியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவர் அடிக்கவில்லை. பாட்டை ஒரு தடவை கேட்டார், கேசட்டை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார், பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கிடையாது. ஒரு குத்திக்காட்டல்? அதுவும் கிடையாது. தங்கையைக் குடைந்தது அதுதான். பெரியவளாகி, பல் செட் செய்கிற வேலை கற்றுக்கொண்டு, ஊரில் பாதிப் பேர் வாயை அளவெடுத்த பிறகும், அந்த இரண்டு வரி அவள் தொண்டையில் முள் மாதிரி நின்றது. எல்லாப் பாட்டும் போனில் கிடைக்கிற காலம் வந்ததும், முதல் வேலையாக முழுப் பாட்டைத் தேடி அண்ணனுக்கு அனுப்பினாள். "கேட்டேன்" என்று ஒரே வார்த்தை பதில் வந்தது. கேட்டிருக்க மாட்டார், நம் மனசு கஷ்டப்படக்கூடாது என்று சொல்கிறார் என்று முடிவு கட்டினாள்.

ஆகவே இன்று, நாலு நாளில் என்ன ஆகுமோ என்கிற இந்த நிலைமையில், அந்த இரண்டு வரியைப் பாடினவர் வாயாலேயே அண்ணன் காதில் போட்டுவிடவேண்டும். அதற்காக ஒலிபெருக்கியிலிருந்து நாற்பது அடி தள்ளி ஒரு இடத்தைக் காலை பத்து மணிக்கே வந்து பிடித்திருந்தாள். எல்லாம் சரிதான், ஒரே ஒரு சிக்கல். ரசிகர்கள் சரியாக அந்த இரண்டு வரி வரும்போதுதான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, தொண்டை கிழியச் சேர்ந்து பாடுவார்கள். அது அவர்கள் வழக்கம். வீடியோக்களில் பார்த்திருக்கிறாள். அந்த இடத்தில் பாட்டுக்காரர் பாடுகிறாரா கொட்டாவி விடுகிறாரா என்றே தெரியாது.

தொப்பிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னாள். கேசட், பாத்ரூம், காது, வியாழக்கிழமை, எல்லாம்.

"அந்த இடத்துல பாடக்கூடாதா?" என்றார் தொப்பிக்காரர். வீட்டை எழுதிக்கொடு என்று கேட்ட மாதிரி இருந்தது முகம்.

"பதினோரு வினாடிதாங்க."

"அதுக்காகத்தானே அம்மா வரோம்."

"தெரியும்."

அவர் திரும்பி, மற்றவர்களைக் கூப்பிட்டார். அங்கேயே ஒரு கூட்டம் நடந்தது. கையில் பச்சை குத்திய பேங்க் மேனேஜர் ஒருவர், கையை மட்டும் தூக்கலாமா என்று கேட்டார். கையைத் தூக்கினால் வாய் தானாகத் திறக்கும் என்று ஸ்கூல் டீச்சர் ஒருத்தி ஆட்சேபித்தாள். அப்படியானால் கையும் வேண்டாம் என்று முடிவானது. கடைசியாகத் தொப்பிக்காரர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் இது எதுவும் தெரியாமல் ஒன்பதாம் எண் கழிப்பறையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, இந்த அறுபது பேர் வாயைத் திறக்க மாட்டோம்" என்றார் தொப்பிக்காரர். "அண்ணனுக்காக."

தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில் என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

மூணு பத்துக்கு வரவேண்டியவர்கள் மூணே முக்காலுக்கு வந்தார்கள். நாலு பேருமே கிழவர்கள். டிரம் வாசிப்பவர் முதுகுக்கு ஒரு குஷன் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாட்டுக்காரர் வாயைத் திறந்த உடனேயே தங்கை பார்த்துவிட்டாள், மேல் வரிசை கழற்றுகிற செட். சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலைப்பாடு. கடித்துப் பார்த்துச் சரி செய்ய எவனோ பொறுமையாக ஒரு வாரம் உட்கார்ந்திருக்கிறான்.

அண்ணன் திரும்பவே இல்லை. கழிப்பறைகளைப் பார்த்தபடி, தலையை மட்டும் இடது பக்கம் லேசாகச் சாய்த்துக்கொண்டார். மேடையில் நடப்பதைத் தங்கை அவர் காதருகில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"கிடார்காரர் முடி முழுக்கக் கொட்டிப் போச்சுண்ணா."

"கை?"

"கை அப்படியேதான் இருக்கு."

"அது போதும்."

பாட்டுக்காரர் புதுப் பாட்டாக நாலு பாடினார். கூட்டம் மரியாதையாகக் கைதட்டிவிட்டுத் தண்ணீர் வாங்கப் போனது. ஐந்தாவதும் புதுசு. ஏழாவதைப் பாடாமலே போய்விட்டால்? தங்கை தொப்பிக்காரரைப் பார்த்தாள். அவர் நோட்டைப் புரட்டி, "இருபத்தொன்பது வருஷத்துல ரெண்டே ரெண்டு வாட்டிதான் பாடாம விட்டிருக்காங்க" என்றார். "ரெண்டு வாட்டியும் மழை." தங்கை வானத்தைப் பார்த்தாள். ஒரு மேகம் கூட இல்லை.

கிடாரில் ஏழாவது பாட்டின் அந்த ஐந்து சுரம் விழுந்ததும் அண்ணன் தோள் நிமிர்ந்தது.

அந்த இடம் நெருங்க நெருங்க மைதானம் முழுக்கக் கை உயர்ந்தது. தண்ணீர் வாங்கப் போனவர்கள் கூடப் பாட்டிலோடு கையைத் தூக்கினார்கள். இந்த ஓரத்தில் மட்டும் அறுபது பேர், பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி, வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார்கள். மேடையிலிருந்து பார்த்தால் அது பல் விழுந்த இடம் மாதிரி தெரிந்திருக்கும். பேங்க் மேனேஜர் இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். பாட்டுக்காரர் பாடினார். இரண்டு வரி. கரையைப் பற்றியும் உப்பைப் பற்றியும் ஏதோ. மற்ற கூட்டத்தின் சத்தம் தூரத்தில் எங்கோ இரைய, ஒலிபெருக்கியிலிருந்து ஒவ்வொரு எழுத்தும் கழுவி வைத்த மாதிரி வந்தது.

அண்ணன் கழிப்பறைகளை விட்டுத் திரும்பினார். தங்கையின் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பத்தேழு வருஷத்துக்குப் பிறகு பாரம் இறங்கியது என்று தங்கை அவரைப் பார்த்துச் சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. ஏதோ வரவேண்டியது வராமல் போன மாதிரி, அவர் முகம் மெல்ல வாடியது.

"என்னண்ணா, கேக்கலையா?"

"கேட்டுது."

"ரெண்டு வரியும்?"

"ரெண்டும்தான்." அவர் குரலைக் கேட்க அவள் குனியவேண்டியிருந்தது. "நீ சொல்லலையே."

"என்னத்தை?"

"உன் வரியை."

தங்கைக்கு முதலில் பிடிபடவில்லை. அண்ணன், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வெளியிலிருந்து விளக்குவது போல, நிதானமாகச் சொன்னார்.

"நீ போன்ல அனுப்பின முழுப் பாட்டையும் அன்னிக்கே கேட்டேன்டி. நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த இடம் வந்தா, அங்க யாருமே இல்ல. எனக்குப் பிடிக்கல. அந்தக் கேசட்டை நான் எதுக்குப் பெட்டியில வச்சுப் பூட்டினேன்? வேற எவனாவது மேல பதிஞ்சிடக் கூடாதுன்னுதான். இன்னிக்கு நீ என் காதுகிட்டயே நிக்குற, சொல்லுவேன்னு நெனச்சேன்."

"லூசாண்ணா நீ?" என்றாள் தங்கை. முப்பத்தேழு வருஷம்! இதை ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? கோபம் கோபமாக வந்தது, அழுகையும் சேர்ந்து வந்தது. பாட்டு கடைசிப் பகுதிக்குப் போய்விட்டது. பதினோரு வினாடி போனது போனதுதான், நாற்பது அடி தூரத்தில் இடம் பிடித்து, அறுபது பேர் வாயை அடைத்து, கடைசியில் தானே சொதப்பினாள்.

அப்போதுதான் பாட்டுக்காரர் கையைக் காட்டி வாத்தியங்களை அடக்கினார். கண்ணுக்கு மேல் கை வைத்து இந்த ஓரத்தைப் பார்த்தார்.

"அந்த ஓரத்துல என்ன ஆச்சு? முப்பது வருஷமா எனக்கு முன்னாடி நிக்குறவங்க நீங்க. சத்தமே கேக்கலையே!"

யாரும் பதில் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்தவர்கள்.

"கோபமா? புதுப் பாட்டு பிடிக்கலையா?"

தொப்பிக்காரர் முகம் பரிதாபமாக இருந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பாட்டுக்காரர் அவரைப் பார்த்து நேரடியாகக் கேள்வி கேட்கிறார், அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. தங்கையைப் பார்த்தார். தங்கை அவரைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

"சரி, அந்த ஓரத்துக்காக அந்த ரெண்டு வரி மறுபடியும்" என்றார் பாட்டுக்காரர். டிரம்காரர் குஷனைச் சரிசெய்துகொண்டார். ஐந்து சுரம் மறுபடி விழுந்தது.

மறுபடியும் கைகள் உயர்ந்தன, மறுபடியும் இந்த ஓரம் வாயை மூடியது. தங்கை அண்ணனின் இடது காதருகே போனாள். நாற்பத்துமூன்று வயசு, இரண்டு பிள்ளைக்குத் தாய், மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்கிற பல் செட் கடை முதலாளி. அவள் கதவைத் தட்டுவது போல அண்ணன் தோளில் மூன்று தட்டுத் தட்டி, அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்:

"அண்ணா, சீக்கிரம் வா, எனக்கு அவசரம்!"

அறுபது பேரும் திரும்பினார்கள். ஒன்று. இரண்டு. மூன்று.

"இருடி, வரேன்" என்றார் அண்ணன்.

அவர் சிரித்தார். பதிமூன்று வயசில் அவருக்கு இருந்த முன்பல் இடைவெளி அப்படியே இருந்தது. அதைச் சரிசெய்ய அவள் எத்தனையோ தடவை கூப்பிட்டும் அவர் வந்ததில்லை.

பேங்க் மேனேஜர் மட்டும் பக்கத்தில் வந்து, மரியாதையாகக் குரலைத் தாழ்த்தி, "மேடம், அந்தப் பக்கம் மூணாவது காலியாத்தான் இருக்கு" என்றார்.

"அதுக்குக் கதவு சாத்தாது" என்றார் அண்ணன்.

தொப்பிக்காரர் நோட்டைத் திறந்து எழுதினார்: ஏழாவது, மாலை நாலு பதினெட்டு, இரண்டு வரி இரண்டு தடவை. வலது ஓரம் மௌனம். கொஞ்சம் யோசித்து, அடைப்புக்குறிக்குள் காரணத்தையும் எழுதினார்: குடும்ப விஷயம்.

வியாழக்கிழமை ஆபரேஷன் நாலு மணி நேரம் நடந்தது. அண்ணன் தலையில் பெரிய கட்டோடு வெளியே வந்தார். கட்டு இருக்கிற வரைக்கும் ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த மூன்று வாரம் அண்ணியும் தங்கையும் அவரிடம் சிலேட்டில் எழுதித்தான் பேசினார்கள். அண்ணன் பதிலையும் சிலேட்டிலேயே எழுதினார். உங்களுக்கு வாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று அண்ணி எழுதிக் காட்டினாள். 'வாய் வலிக்கிறது' என்று எழுதினார்.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை கட்டையும் உள்ளே வைத்திருந்த பஞ்சையும் எடுத்தார்கள். சின்ன அறை. ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி, சுவரில் காதை இரண்டாக வெட்டிக் காட்டுகிற படம். அண்ணன் நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"மெஷின் டெஸ்ட் அப்புறம் பண்ணலாம்" என்றார் டாக்டர் தங்கையிடம். "முதல்ல நீங்க பின்னாடி நின்னு ஏதாவது சொல்லுங்க. உங்க முகம் அவருக்குத் தெரியக்கூடாது, தொடவும் கூடாது. கத்தாதீங்க, சாதாரணமாச் சொல்லுங்க."

தங்கை அண்ணனுக்குப் பின்னால் போய் நின்றாள். அவர் தலையில் கட்டு இருந்த இடத்தில் முடி மழித்திருந்தது, காதுக்குப் பின்னால் தையல் போட்ட கோடு தெரிந்தது. பாதிக்குப் பாதி.

"அண்ணா," என்றாள், "சீக்கிரம் வா. எனக்கு அவசரம்."

அண்ணன் அசையவில்லை. டாக்டர் அவரைப் பார்த்தார், பிறகு தங்கையைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கி, பேனாவை எடுத்து, தாளைத் தன் பக்கம் இழுத்தார். மூலையில் கை கழுவுகிற தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"எழுதாதீங்க டாக்டர்," என்றாள் தங்கை, "மூணு எண்ணணும்."

"இருடி, வரேன்" என்றார் அண்ணன், சுவரைப் பார்த்தபடி.

"எங்க கிளம்புறீங்க?" என்றார் டாக்டர். "இன்னும் மெஷின் டெஸ்ட் பாக்கி இருக்கு."